வாசலுக்கு எட்டடி முன்னால்

அந்தப் பாதை ஒவ்வொரு பங்குனியிலும் கல் தின்றது. ஜெர்மனியில் ஹம் நகருக்குத் தெற்கே, காட்டோரத்து அகதி விடுதிக்குப் போக அது ஒன்றுதான் வழி. மாரிக் குளிரில் உறைந்து இரும்பாகக் கிடக்கும். பனி இளகியதும் அடியிலிருந்து சேறு கொப்பளித்து வரும். லொறி லொறியாகக் கொட்டிய சரளை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் நகரசபை விடுதி ஆண்களை வைத்தே பாதையைத் திருத்தியது. மேற்பார்வைக்கு வந்த பிறிங்மன் பெரிய துணிச்சுருள்களை இறக்கினார். தடித்த, வெள்ளை வெளேரென்ற செயற்கைத் துணி. முதலில் துணி, அதன் மேல் சரளை.

"கீழே இருப்பது மேலே வராது. மேலே இருப்பது கீழே போகாது. தண்ணீர் மட்டும் போய்வரும்," என்றார் பிறிங்மன். "எங்கேயும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் அது கண்டுபிடித்துவிடும்."

எது கண்டுபிடிக்கும் என்று விமலநாதன் கேட்கவில்லை. விடுதியில் ஜெர்மன் அதிகம் தெரிந்தவன் அவன்தான். குறைவாகப் பேசுபவனும் அவன்தான்.

"என்னடாப்பா, வெள்ளை விரிக்கிறம், சாமி வெளிவீதி வருதோ?" துணியை உருட்டிக்கொண்டே கணேசலிங்கம் கேட்டான்.

"ஓம் அண்ணை. நீங்கள்தான் வாகனம். குனியுங்கோ," என்றான் விமலநாதன்.

கடைசி நாள் துணி விடுதி வாசலை நெருங்கியது. பிறிங்மன் அடுத்த லொறிச் சரளை எடுக்கப் போயிருந்தார். கணேசலிங்கத்தின் மனைவி குணேஸ்வரி வெளியே வந்து நின்றாள். ஐந்து மாதம்.

"தம்பி, வாசலுக்கு விரியாதை. பாடைக்கு முன்னாலை விரிக்கிற நிலபாவாடை மாதிரிக் கிடக்கு."

"இது றோட்டுத் துணி, அக்கா."

"தெரியும். எண்டாலும் என்னாலை ஏலாது. முதல் பிள்ளையையும் வெள்ளையிலை சுத்தித்தானே புதைக்கக் குடுத்தனான்."

விமலநாதன் துணியை உருட்டுவதை நிறுத்தினான். பிறகு கத்தியை எடுத்து, வாசலுக்கு எட்டடி முன்னால் அதை வெட்டினான். பிறிங்மன் திரும்பி வந்தபோது எல்லாம் மிஞ்சிய சரளையால் மூடிக் கிடந்தது.

மாரி முழுக்க அந்த எட்டடியைக் கடக்கையில் அவன் கால் தானாக எட்டிப் போட்டது. உறைபனிக் காலைகளில் மண் அங்கே மட்டும் முறியும் சத்தம் கேட்டது. பங்குனியில் பாதை முழுதும் மேசை போலக் கிடக்க, வாசலுக்கு முன்னால் தரை மெல்ல வீங்கியது, போர்வைக்குள் யாரோ மல்லாந்து படுத்திருப்பதைப்போல. பிறகு வீக்கம் நனைந்து தொய்ந்தது. அவன் தினமும் காலையில் இரண்டு மண்வெட்டி சரளை போட்டான். மறுநாள் அது இருக்காது. பிறிங்மனிடம் சொன்னால் துணி வாசலுக்கு வந்துவிடும். சொல்லவில்லை.

குணேஸ்வரிக்கு ஒரு காலையில் பன்னீர்க்குடம் உடைந்தது. அம்புலன்ஸ் பாதையில் வழுக்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு எட்டடி முன்னால் அச்சுவரை இறங்கி நின்றது. சாரதி வேறொன்றைக் கூப்பிட்டார். அது தள்ளித்தான் நிற்கும். இடையில் முழங்கால் சேறு.

ஆண்கள் கட்டில் பலகைகளைச் சேற்றில் போட்டார்கள். பலகைகள் மெல்லத் தாழ்ந்தன. விமலநாதன் கொட்டிலுக்கு ஓடி மிஞ்சிய சுருளைக் கொண்டுவந்தான். வேறு வழியிருக்கவில்லை. வாசற்படியிலிருந்து விரித்தான்.

நான்கு பேர் அவளைத் தூக்குபடுக்கையில் தோளுக்கு ஏற்றினார்கள். கீழே வெள்ளைத் துணி, மேலே வெள்ளைப் போர்வை. அடியடியாக நடந்தார்கள். துணிக்கடியில் சேறு அசைந்தது. ஆனால் மேலே வரவில்லை. தூறலுக்காகச் சாரதி போர்வையை இழுத்தார்.

"முகத்தை மூடிப்போடாதேங்கோ," என்றாள் குணேஸ்வரி. "தம்பி, அவருக்குச் சொல்லு. மூட வேண்டாம்."

அவன் சொன்னான். சாரதி போர்வையைக் கழுத்தோடு நிறுத்தினார்.

பெண்பிள்ளை. இரண்டு பேரும் சுகம் என்று மத்தியானம் செய்தி வந்தது.

மறுநாள் பிறிங்மன் வந்து வாசலுக்கு முன்னால் தோண்டிப் பார்த்தார். கத்தி நேராக வெட்டிய விளிம்பு தெரிந்தது. விமலநாதனை நிமிர்ந்து பார்த்தார். "கண்டுபிடித்துவிட்டது," என்றார், அவ்வளவுதான். இருவருமாக வாசற்படி வரை துணி போட்டுச் சரளை பரப்பினார்கள். குணேஸ்வரிக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் குணேஸ்வரி பிள்ளையோடு நடந்து வந்தாள். வாசலுக்கு எட்டடி முன்னால் நின்றாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பாதையை விட்டிறங்கி, ஈரப் புல்லில் சுற்றிப் போய்ப் படியேறினாள்.

சரளை எங்கும் ஒரே மாதிரித்தான் கிடந்தது.