சிவப்புக் கோடு வரைக்கும்

மாடி அறையின் ஜன்னலை ஜைல்ஸே இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாளையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டான். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், கீழே, க்ளைவின் மதுக்கடை. அங்கே மேடையில் வாத்தியக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சத்தமும் வரவில்லை.

ஹெஸ்டர் சுவருக்கு இன்னும் ஓரடி நெருங்கி நின்றாள்.

இந்தப் பழைய கம்பளிக் கிடங்கை வீடுகளாக்க அனுமதி கேட்கிறது ஒரு கம்பெனி. கம்பெனிக்கு ஜைல்ஸ் ஃபென்விக் வக்கீல், எதிர்க்கும் க்ளைவுக்கு ஹெஸ்டர். தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள்தான், அலுவலக இடம் மட்டும் இருவருக்கும் ஒன்று. காலையில் ஒரே ரயிலில்தான் லீட்ஸில் வந்து இறங்கினார்கள். வீடுகள் வந்தால் சத்தம் என்று புகார் வரும், புகார் வந்தால் க்ளைவின் உரிமம் போகும், கூடவே கடை மாடியில் அவன் குடியிருக்கும் இரண்டு அறைகளும் போகும். இசை இந்த அறைவரை கேட்கிறது என்று காட்டிவிட்டால் அனுமதி கிடைப்பது கஷ்டம். கடையின் ஒலிபெருக்கிக் குமிழில் உச்ச அளவாகக் கவுன்சில் போட்ட சிவப்புக் கோடு வரைக்கும் சத்தம் வைத்து வாசிக்கட்டும் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விசாரணை முடிந்து அதிகாரி இடத்தைப் பார்க்க வரும் இந்த மாதிரி நாளில் யாரும் வாதாடக் கூடாது. விரலால் காட்டலாம், அவ்வளவுதான். ஒரு தரப்போடு மட்டும் அதிகாரி தனியாக நிற்கவும் மாட்டார். க்ளைவ் நீட்டிய தேநீரைக்கூட விசாரணை அதிகாரி திருமதி ஆக்னியூ விஷத்தைக் கண்டதுபோல் தள்ளிவிட்டார்.

"எவ்ளோ அமைதியான ரூம், இல்ல மேடம்?" என்றான் ஜைல்ஸ்.

"வாதமெல்லாம் போன வாரமே முடிஞ்சுபோச்சு, மிஸ்டர் ஃபென்விக்," என்றார் ஆக்னியூ.

ஹெஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அடையாள அட்டை தொங்கும் ஆள் எவர் வந்தாலும் முதலில் சத்தத்தைக் குறை என்று உரிம வழக்குகளில் வருஷக்கணக்காக க்ளைவுக்குப் பாடம் சொன்னவளே அவள்தான். கோடு வரைக்கும் வை என்று காலையில் சொன்னாள், அவனும் தலையாட்டினான். ஆனால் ஆக்னியூவின் கழுத்தில் அட்டையைப் பார்த்ததும் கை தானாகப் போய்க் குமிழைத் தணித்திருக்கும். இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த பயம் ஒரே காலையில் போய்விடுமா? தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கோட்டுப் பைக்குள் போன் இருந்தது. க்ளைவுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். விரல் அதைத் தொட்டும்விட்டது. ஜைல்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டுத்தனமாக ஜெயிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கையை வெளியே எடுத்தாள்.

"மேடம், கடையில இருக்கிற சிவப்புக் கோட்ட உங்களுக்குக் காட்டணும். காட்ட மட்டுந்தான்."

"அதான் போட்டோவுல பாத்தாச்சே!" என்றான் ஜைல்ஸ்.

"பாத்துட்டே போயிடலாம்," என்றார் ஆக்னியூ.

கடையில் வாத்தியக்காரர்கள், தூங்கும் குழந்தை ஏதோ விழித்துவிடும் என்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் வாயைத் திறக்காமல் விரலை நீட்டினாள். திருகுமிழ் கோட்டுக்கு எங்கேயோ கீழே நின்றது.

"கோடு வரைக்கும்னுதானே ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் ஆக்னியூ.

ஜைல்ஸ் மென்று விழுங்கினான். "ஆமா மேடம்."

"அப்ப வைங்க."

க்ளைவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ மேடம், நான் எப்பவும் இப்படிச் சின்னதாத்தான் வைப்பேன். சத்தியமா! கடைய மூடிராதீங்க!"

பாவி, கெடுத்தானே என்று நினைத்தாள் ஹெஸ்டர்.

"கேட்டீங்களா மேடம்!" என்று ஜைல்ஸ் துள்ளினான். "எப்பவும் சின்னதாத்தானாம்!"

"சாட்சி சொல்ற நாளும் போன வாரமே முடிஞ்சுபோச்சு," என்றார் ஆக்னியூ. "என் காதுல எதுவும் விழல."

க்ளைவ் ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் ஒரே ஒரு முறை தலையாட்டினாள். சொந்தக் கழுத்துக்குக் கயிறு மாட்டுகிறவனைப் போல அவன் குமிழைக் கோடு வரைக்கும் திருகினான்.

மறுபடி மேலே ஏறினார்கள். ஜைல்ஸ் மறுபடி ஜன்னலைச் சாத்தினான். இடைவேளையோ என்னவோ, சத்தமே இல்லை. ஹெஸ்டர் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள். பிறகு முரசு ஒரு அடி விழுந்தது. தரை வழியாக ஏறி அவள் முழங்கால்வரை வந்தது. கண்ணாடி கடகடத்தது. சாத்திய தாழ்ப்பாளையே ஜைல்ஸ் இன்னொரு முறை அமுக்கினான்.

ஆக்னியூ குறித்துக்கொண்டார். "இது கேட்டுது," என்றார்.

அவர் கார் தெருமுனை திரும்பியபின் க்ளைவ் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

"மிஸ், சத்தம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சா?"

"காது கிழிஞ்சுபோச்சு, க்ளைவ்," என்றாள் ஹெஸ்டர். வழக்கம்போல் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன், அவள் கண் கலங்கிச் சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.