பஞ்சாயத்து நாற்காலி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. காரணம் அவளுடைய நாத்தனார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வீட்டுப் பழக்கத்தில், "அண்ணி, இந்த பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி நாத்தனார் குரல் கொடுத்துவிட்டாள். மறுநாளே டெஸ்டர் முதல் மேனேஜர் வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளியே முறைத்தாலும் அண்ணிக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அங்கே தயாரானது ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பிரதியில் எழுதுவார்கள். எழுதியதைப் பொதுப் பிரதியில் சேர்ப்பதற்குப் பெயர் மெர்ஜ், அந்தப் பொறுப்பு அண்ணியுடையது. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் அது மோதல், கம்ப்யூட்டர் நின்றுவிடும். இதை வைக்கவா, அதை வைக்கவா என்று கேட்கும். அப்போது எழுதிய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். அதற்கென்றே அவள் மேஜை ஓரமாக ஒரு நாற்காலி கிடக்கும். பஞ்சாயத்து நாற்காலி என்பார்கள். மேனேஜரே ஒருமுறை அதில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் தாமதமாக வந்தால் காத்திருப்பவர்களின் நேரத்தைத் தானாகத் தள்ளிவைக்கும் பகுதியை நாத்தனார் மாதக்கணக்கில் எழுதியிருந்தாள். டெமோவில் அது ஓடிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். டெமோவுக்கு முந்தின நாள் அண்ணி மெர்ஜ் செய்ய உட்கார்ந்தபோது திரும்பின பக்கமெல்லாம் மோதல். மோதலின் மறுபக்கம் முழுவதும் அண்ணி எழுதிய வரிகள்.

கூப்பிட்டிருந்தால் நாத்தனார் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் அன்று காலையில்தான், ஈரத்துணியை வாஷிங் மெஷினிலேயே விட்டுவிட்டதற்காக இருவருக்கும் முட்டிக்கொண்டது. "இது எங்க அண்ணன் வீடு அண்ணி" என்று ஒரு வார்த்தை விழுந்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை. பஞ்சாயத்து நாற்காலியில் அண்ணியின் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லா மோதலுக்கும் ஒரே பதிலை அழுத்தினாள்: என்னுடையதை வைத்துக்கொள். கம்ப்யூட்டரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வாங்கிக்கொண்டது.

மறுநாள் டெமோவில் நாத்தனார், டாக்டர் தாமதம் என்ற பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். குத்துக்கல்லாட்டம் அப்படியே நின்றது.

"என் மெஷின்ல ஓடிச்சு சார்" என்றாள். உலகத்தில் புரோகிராம் எழுதுகிற எல்லோரும் மாட்டிக்கொண்டால் சொல்வது இதைத்தான் என்பதால் அறையில் யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

"அப்ப ஆஸ்பத்திரிக்கெல்லாம் உங்க மெஷினையே அனுப்பிடலாமா?" என்றார் மேனேஜர். பிறகு அண்ணியிடம் திரும்பி, "உங்க வீட்டுப் பொண்ணுன்னு பாக்க முடியாது அண்ணி. சாயங்காலம் அவங்ககிட்ட பேசிடறேன்" என்றார்.

தன் இடத்துக்கு வந்து திறந்து பார்த்ததுமே அண்ணிக்கு விளங்கிவிட்டது. நேற்று அழுத்தியதில் நாத்தனாரின் வரிகளெல்லாம் போயிருந்தன. திரும்ப மெர்ஜ் செய்து பார்த்தாள். ஏற்கெனவே எல்லாம் சேர்த்தாகிவிட்டது என்று பதில் வந்தது. இனி இரண்டே வழி. நாத்தனாரின் வரிகளைக் கையால் எடுத்து, காதும் காதும் வைத்தாற்போல் சேர்த்துவிடலாம். ஆனால் அத்தனை வரியும் அண்ணியின் பெயரில் ஏறும், நாத்தனார் கெடுத்ததை அண்ணி சரிசெய்தாள் என்று ஊர் பேசும். இல்லாவிட்டால் நேற்றைய மெர்ஜையே ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் தங்கள் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும், ஏன் என்று எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

அண்ணி இரண்டையும் செய்யவில்லை. சாப்பிடப் போனாள். டெஸ்டரின் புதுக் கண்ணாடி நன்றாயிருக்கிறது என்றாள். திரும்பி வந்து, நாலு மேஜை தள்ளி நாத்தனார் ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு, தன் வரிகளில் இல்லாத தப்பைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அப்போதும் கை எழவில்லை.

மேனேஜர் கதவைத் திறந்து நாத்தனாரை உள்ளே கூப்பிட்டார். அதன் பிறகுதான் எல்லோரும் இருக்கும் குரூப்பில் அண்ணி டைப் செய்தாள்: 'நேத்து மெர்ஜ்ல தப்பு என்னோடது. அவ எழுதினதைப் படிக்காம என்னோடதையே வெச்சுட்டேன். ரத்து பண்றேன். எல்லாரும் புதுசா எடுத்துக்கங்க.'

மேனேஜர் போனும் கையுமாக வெளியே வந்தார். "நீங்களா அண்ணி?"

"நான்தான்."

"சரி விடுங்க, யாருக்கும் நடக்கறதுதான். அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாத்தனார் வந்தாள். பஞ்சாயத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு மோதலாகப் பார்த்தார்கள். பெரும்பாலும் நாத்தனார் எழுதியதே சரியாக இருந்தது. நடுவில், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அண்ணிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னாடியே."

நாத்தனார் தலையாட்டினாள். அடுத்த மோதலுக்குப் போனார்கள்.

எல்லாம் முடிந்து பட்டனை அழுத்தியபோது டாக்டர் தாமதமானார், நோயாளிகள் வரிசையாகத் தள்ளிப் போனார்கள்.

"ஓடுது மேடம்" என்றாள் நாத்தனார்.

எதிர் மேஜையில் டெஸ்டர் சிரித்தான். "என்ன, அண்ணிக்கு புரமோஷனா?"

நாத்தனார் சிரிக்கவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனாள். இருவருக்கும் வீட்டுக்கு ஒரே பஸ்தான்.