ஆறாயிரத்து நாற்பத்தொரு மணி நேரம்

"'பன்னிரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து, பாடுகளைப் பொறுமையோடு சகித்து...' எழுதிட்டியாட்டி?"

ஷெரின் எழுதவில்லை. 'பன்னிரண்டு ஆண்டுகள்' என்பதோடு பேனா நின்றிருந்தது.

பெரியண்ணன் சௌந்தரபாண்டியன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியை யோசித்தார். சின்னண்ணன் பெலிக்ஸ் வெளியே பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் இருந்தான். மூன்று மணிக்கு அடக்கம். அதற்கு முன்னால் சபை ஊழியரான உபதேசியார் தலைமாட்டில் நின்று வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார். பிறப்பு, படிப்பு, வேலை, குணம், மரணம். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும். சபையில் யார் இறந்தாலும் அப்படித்தான். ஷெரினைக் கூப்பிட்டது அவள் கையெழுத்துக்காக மட்டுமே.

"சின்னண்ணன் படுக்கையில இல்லண்ணே," என்றாள்.

"என்னது?"

"ராத்திரிதான் படுத்தாவ. எல்லாரையும் மாதிரி."

"ஏட்டி, காலு ரெண்டும் வெளங்காம, வெரலு மடங்காமக் கெடந்தவனை வேற என்னன்னு எழுத? ஊருக்கே தெரியும்."

"ஏரோப்ளேன் ஓட்டுனாவன்னு எழுதணும்."

வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஹெப்சிபா மதினி திரும்பிப் பார்த்தாள். "அந்த கேமையா? அடக்க ஆராதனையிலயா?"

"கேம்னா ஜெயிக்கணும்லா மதினி. அதுல ஜெயிக்க ஒண்ணுமே கெடையாது. கெளம்பணும், போகணும், எறங்கணும். அம்புட்டுத்தான்."

ஷெரின் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மதினி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ஊரு சிரிக்கும்ட்டி," என்றார் அண்ணன். குரல் கரகரத்தது. அவரும் காலையிலிருந்து அழுதுகொண்டுதான் இருந்தார். "நான் சொல்லுததை எழுது. 'படுக்கையில் இருந்து'."

ஷெரின் எழுதினாள். எழுதும்போது காது சுட்டது.

படுக்கையில் என்றால் இந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? போர்வை மடித்துக்கொண்டிருந்தாளா?

ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்த பெலிக்ஸ் இருபத்திரண்டு வயதில் ஏணியிலிருந்து விழுந்தான். கழுத்தெலும்பு போனது. ஷெரின் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு வாரம் விடுப்பு கேட்டு எழுதிய கடிதம்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடைசி எழுத்து. அம்மாவும் அப்பாவும் முன்னமே போய்விட்டார்கள். மதினிக்குக் கைக்குழந்தை. அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. நீ எப்போது திரும்பிப் போகப்போகிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை.

முதல் இரண்டு வருஷம் அவன் படுக்கையில் கிடந்தது உண்மை. சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருப்பான். இரண்டு வாய்ச் சோற்றுக்கு மேல் இறங்காது. அப்போதுதான் மில்லில் கூட வேலை பார்த்த பாண்டிச்செல்வம், ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி பைக்கில் வைத்துக் கொண்டுவந்தான். "படம் பாருலே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் ஒரு விமானம் இருந்தது.

மதுரையில் கிளம்பி மதுரையிலேயே இறங்க வேண்டும். மடங்காத விரலால் விசைகளை அழுத்தி ஓட்டிப் பதினோரு முறை தரையில் மோதினான். பன்னிரண்டாவது முறை சக்கரம் தொட்டு, ஓடி, நின்றது. பெலிக்ஸ் வெகுநேரம் திரையையே பார்த்தான். பிறகு, "ஏட்டி, சோறு இருக்கா?" என்று கேட்டான். சாயங்காலம் நாலு மணி. பழைய குழம்பை ஊற்றி அவள் ஊட்ட ஊட்ட, இன்னும் கொஞ்சம் போடு என்றான்.

இதைப் போய் கேம் என்கிறார்கள்.

விமானத்தைப் பிடித்து ஓட்டும் ஜாய்ஸ்டிக் கட்டை பிற்பாடு வந்தது. விரல் மடங்காததால், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைக் கிழித்து அவன் உள்ளங்கையை அதோடு சேர்த்து ஷெரின் கட்டிவிடுவாள். தினமும் சாயங்காலம் ஆறரைக்குச் சவரம் செய்து, காலர் வைத்த சட்டை போட்டுவிட வேண்டும். கைலியோடு சீட்டில் உட்கார மாட்டான். ஏழு மணிக்கு டூட்டி. அவன் அப்படித்தான் சொல்வான். கிளம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியதை அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள், அவன் பதில் சொல்வான். எரிபொருள். பார்த்தாச்சு. விளக்கு. போட்டாச்சு. கதவு. பூட்டியாச்சு. வெளியே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அந்த அறையில் தெளிவாக, சத்தமாக வாசிப்பாள். ஒன்றை விட்டுவிட்டால் அவன் கிளம்ப மாட்டான்.

ஹெட்போனில் வேறு வேறு ஊர்க்காரர்கள் பேசுவார்கள். அவர்களும் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டுகிறவர்கள், வழி சொல்கிறவர்கள். அவர்களுக்கு அவன் காலைப் பற்றித் தெரியாது. நேரத்துக்கு வருகிறவன் என்று மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பயணத்தையும் ஷெரின் நீள நோட்டில் எழுதினாள். கிளம்பிய ஊர், இறங்கிய ஊர், மணி. ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்தார் வந்து அவன் எழுந்து நடக்க வேண்டுமென்று ஏழு மணிக்கு மேலும் ஜெபித்தார்கள். அவர்கள் போனதும், "எழுது," என்றான். "தாமதம் இருபத்திரண்டு நிமிஷம். காரணம், ஜெபம்." அவள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுதிய எழுத்து கோணலாகவே இருந்தது.

மூன்று நாள் காய்ச்சல். முந்தாநாள் அனலாகக் கொதிக்கையில் கண்ணைத் திறந்து, "கொழும்பு போறதா ஒத்துக்கிட்டேன். வரலைன்னு சொல்லிரு. சொல்லாம நின்னுட்டான்னு இருக்கக் கூடாது," என்றான். அவள் தட்டச்சு செய்து அனுப்பினாள். நேற்று மதியம் போய்விட்டான்.

அண்ணன் குறிப்பை ஒரு முறை வாசித்துப் பார்த்தார். "நல்லாருக்கு. அடித்தல் இல்லாம வேற தாளுல எழுதி உபதேசியாரு கையில குடுத்துரு. நான் குழி வெட்டுத எடத்தைப் பாத்துட்டு வாரேன்."

அவர் போனதும் ஷெரின் பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நோட்டுகள் மேஜைக்கடியில் அடுக்கியிருந்தன. பதினேழு நோட்டு. கடைசிப் பக்கத்து மொத்தத்தைச் சரிபார்த்தாள். இன்னொரு முறையும் சரிபார்த்தாள். அப்புறம்தான் தாளை எடுத்தாள்.

மூன்று மணிக்குத் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சபைக் குருவான ஐயர் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால் உபதேசியாரே ஆராதனை நடத்தினார். வயதானவர், நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். பாட்டும் ஜெபமும் முடிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். ஷெரின் பெட்டியின் ஓரத்தில் பாயில் இருந்தாள். பக்கத்தில் மதினி.

பிறந்த தேதி வாசித்தார். ஐ.டி.ஐ. படித்ததை வாசித்தார். மில்லை, விபத்தை வாசித்தார். பிறகு நின்றார். தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். தலை தூக்கி அண்ணனைத் தேடினார். அண்ணன் தலை குனிந்து நின்றிருந்தார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "பன்னிரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து, பாடுகளைப் பொறுமையோடு சகித்து..."

ஷெரினுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அந்த வரி தாளில் இல்லை. அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கவும் முடியாது. அது அவர் வாயிலேயே தயாராக இருந்தது. எத்தனை பெட்டிகளுக்கு முன்னால், வருஷக் கணக்கை மட்டும் மாற்றி, இதே வரியைச் சொல்லியிருப்பாரோ. பிசகாக ஏதோ எழுதியிருக்கிறது, பாவம் பிள்ளை துக்கத்தில் எழுதிவிட்டது என்று இரக்கப்பட்டு, யாருக்கும் பொருந்துகிற ஒன்றை எடுத்து அவன்மேல் போர்த்திவிட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, அது எழுதலையே."

பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ஒக்காருட்டி," என்று மதினி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"தாளுல எழுதியிருக்கதை வாசிங்கய்யா." நடுங்கும் என்று நினைத்த குரல் நடுங்கவில்லை. ஏழு மணிக் குரல். "ஒண்ணும் விடாம வாசிங்க."

உபதேசியார் மறுபடி அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் முகம் கறுத்திருந்தது. இவ்வளவு பேர் முன்னால் அவரால் வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. உபதேசியார் தாளுக்குத் திரும்பினார். பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அதன்பின் பத்து ஆண்டுகள், தினமும் மாலை ஏழு மணிக்கு, வீட்டிலிருந்தபடியே கணினியில் விமானம் ஓட்டினார். மொத்தம் ஆறாயிரத்து நாற்பத்தொரு மணி நேரம். வருகிறேன் என்று சொன்ன எந்தப் பயணத்துக்கும் சொல்லாமல் நின்றதில்லை."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "ப்ளேனாம்லா..."

"எவம்லே சிரிச்சது?" பாண்டிச்செல்வம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஆறாயிரம் மணி நேரம் நீ எந்த வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்கலே? சொல்லுலே பாப்போம்."

"செல்வம், துட்டி வீடுய்யா. ஒக்காரு," என்று யாரோ தோளைப் பிடித்து அமுக்கினார்கள். சிரித்தவன் பீடி பற்ற வைக்கப் போவதுபோல் எழுந்து போனான். ஷெரின் நின்றுகொண்டே இருந்தாள். மரணத் தேதியையும் வாசித்து உபதேசியார் தாளை மடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மண் போட்டார்கள். மேற்கே மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்ததால் கூட்டம் அவசரமாகக் கலைந்தது. சபையின் அடக்கப் பதிவேட்டில் குடும்பத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமென்று உபதேசியார் சொல்லிவிட்டு முன்னே போனார். அண்ணனும் ஷெரினும் கோயிலை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன்."

கல்லறை மண் அவர் கால்விரல்களுக்கிடையில் ஒட்டியிருந்தது. நடையைச் சற்றுக் குறைத்து அவளோடு சேர்ந்து நடந்தார்.

கோயிலின் பக்கத்து அறையில் உபதேசியார் பெரிய பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பக்கம். பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், மரணத்துக்குக் காரணம். அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷெரின் மேஜைக்கு எதிரே நின்று மேல் வரிகளைத் தலைகீழாகப் படித்தாள். ஒருவருக்கு வியாபாரம். ஒருவருக்கு ஓய்வுபெற்ற காவலர். பெண்கள் பெயருக்கு நேரே எல்லாம் ஒரு சின்னக் கோடு. நாற்பது வருஷம் தெருமுக்கில் இட்லி சுட்டு விற்ற ரூபி அக்காவுக்கும் கோடுதான் போட்டிருந்தது.

"பெலிக்ஸ்," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். தகப்பன் பெயர் எழுதினார். வயது முப்பத்துநாலு. அடுத்த கட்டத்தில் பேனா முனையைக் கோடு இழுக்க வைத்தார். இழுக்கவில்லை. மை ஒரு பொட்டாக ஊறியது. கண்ணாடிக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"தம்பிக்குத் தொழிலு..."

அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தூறல் வாசல்படியில் விழத் தொடங்கியிருந்தது.

"அவகிட்டக் கேளுங்க," என்றார்.

உபதேசியார் ஷெரினைப் பார்த்தார். விமானம் ஓட்டியதை, மணிக்கணக்கோடு, அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். கட்டம் சிறியது. எழுத்து அதற்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போனது. அவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.