பீரோவுக்குள் பதினான்கு ஜோடி

ராஜ்கமலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் சுருட்டவில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் விழா ஆசை. ஒரு மேடை, பின்னால் ஒரு பேனர், வருகிறவருக்குப் போர்த்த ஒரு சால்வை. இந்த மூன்றுக்காகப் பதினான்கு ஜோடி ஷூவை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான் நேரு வீதியில் ஒரு கடையில் பன்னிரண்டு வருஷமாக ஷூ விற்கிறேன். பெயர் அகஸ்டினா, வயது நாற்பத்தொன்று. காலையில் பீச் ரோட்டில் ஓடும் குழுவில் நானும் ஒருத்தி. ராஜ்கமல் அதற்குத் தலைவர், லாஸ்பேட்டையில் கட்டட கான்ட்ராக்டர். அவர் ஓடிப் பார்த்தவர் யாரும் இல்லை. நாங்கள் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது காந்தி சிலைக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பார்.

டிசம்பரில் செஞ்சிப் பக்கம் ஒரு மலைப்பாதை ஓட்டம். பத்து, இருபத்தைந்து, ஐம்பது கிலோமீட்டர் என்று மூன்று பிரிவு. ஐம்பதில் முதலில் வரும் மூன்று பெண்களுக்குத் தேசியப் போட்டியில் இடம். எங்கள் குழுவில் அந்த இடத்துக்கு லாயக்கான ஆள் ஒருத்திதான், முதலியார்பேட்டை சிந்துஜா. இருபத்து நாலு வயது, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவளுடைய அப்பா சாமிக்கண்ணு, மில் மூடியபின் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர். தை மாதம் பெண் பார்க்க வருவதாக வீட்டில் பேச்சு. தேசியப் போட்டிக்குத் தேர்வானால் ஒரு வருஷம் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வாகாவிட்டால் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். இதை என்னிடம் சொன்னபோது சிந்துஜா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஷூ கம்பெனி எங்கள் குழுவுக்குப் பதினான்கு ஜோடி இலவசமாகத் தர முன்வந்தது. யாருக்கு எந்த மாடல், எந்த அளவு என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்ததென்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நம் ஆட்கள் ஷூ வாங்கும் லட்சணம் எனக்குத் தெரியும். முதலில் கலரைப் பார்ப்பார்கள். அப்புறம் கட்டைவிரலால் உள்ளே அமுக்கி, மெத்தென்று இருக்கிறது என்பார்கள். எந்த மாதிரித் தரையில் ஓடப் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று கேட்டால், விற்கத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

எல்லோரையும் ஒரு நாள் சாயங்காலம் பீச் ரோட்டுக்கு வரச் சொன்னேன். காலையில் அளந்தால் பாதம் சிறியதாகக் காட்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தபின் அளந்தால்தான் நிஜ அளவு தெரியும். தரையில் காகிதம் போட்டு ஒவ்வொருவர் காலையும் பென்சிலால் வரைந்துகொண்டேன். பத்து கிலோமீட்டருக்கு எட்டுப் பேர். பாதை முழுக்க ஏரிக்கரைக் களிமண். அவர்களுக்கு லேசான ஷூ, அடியில் ஆழமான பற்கள், பற்களுக்கிடையே தாராளமாக இடம். இடம் இல்லையென்றால் சேறு அப்பிக்கொண்டு காலுக்கு அரைக் கிலோ சுமக்க வேண்டும். இருபத்தைந்துக்கு நாலு பேர். பாதி செம்மண் சரளை, அதனால் கூர்க்கல் குத்தாமல் அடியில் ஒரு தகடு வைத்த மாடல்.

ஐம்பதுக்கு நானும் சிந்துஜாவும். களிமண் பதினைந்து, சரளை பதினேழு, கடைசிப் பதினெட்டும் பாறை. சேற்றுக்கான நீளப் பல் பாறையில் வழுக்கிவிடும். குட்டைப் பல்லும், கல்லைப் பிடிக்கிற மிருதுவான ரப்பரும் வேண்டும். பல மணி நேரம் ஓடும்போது பாதம் வீங்கும், ஆகவே அரை அளவு பெரிது. விரல்கள் விரிய அகலமான முன்பக்கம், கல்லில் இடித்தால் நகம் போகாமலிருக்க ஒரு கெட்டி விளிம்பு. களிமண்ணில் கொஞ்சம் வழுக்கினால் பரவாயில்லை, பாறையில் விழுந்தால் எலும்பு போகும் என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்த மாடலில் குதிகால் பக்கம் அட்டைபோல் விறைப்பாக இருக்கும். எழுபது எண்பது கிலோமீட்டராவது ஓடிப் பழக்கினால்தான் வளைந்து கொடுக்கும். பத்து கிலோமீட்டர்காரர்கள் புதுசாகவே போட்டு ஓடி முடித்துவிடலாம். ஐம்பதை அப்படி ஓடினால் குதிகால் தோல் உரிந்துவிடும். இதை ராஜ்கமலிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையை ஆட்டினார்.

நவம்பர் தொடக்கத்தில் பெட்டிகள் வந்தன. ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது, போதும். பெட்டிகளின் மேல் பெயர் எழுதினேன். ராஜ்கமல் அவற்றைத் தன் ஆபீஸ் பீரோவில் அடுக்கிப் பூட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார். ஷூ வழங்கும் விழா நடக்கும், ஒரு பிரமுகர் வருகிறார், தேதி கேட்டிருக்கிறோம், அதுவரை யாரும் அவசரப்பட வேண்டாம். கீழே பதினோரு பேர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

பிரமுகருக்கு முதல் வாரம் டெல்லிப் பயணம். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் வீட்டில் விசேஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். சைக்கிளோ தையல் மெஷினோ, கொடுக்கிற கை வரும்வரை குடோனில் கிடந்து துருப்பிடிக்கும். வாங்குகிறவனுக்கு எப்போது தேவை என்று எவனும் கேட்பதில்லை.

லாஸ்பேட்டைக்குப் போய் ராஜ்கமலின் மேஜைக்கு முன்னால் நின்றேன். ஐம்பது ஓடும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமாவது இப்போதே கொடுத்துவிடுங்கள், விழாவில் காலிப் பெட்டியைக் கொடுங்கள், பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார்.

"போட்டு ஓடுனா அழுக்காயிடும்மா. அவரு கையால குடுக்கறது புதுசா இருக்க வேணாவா? தீபாவளித் துணிய யாராச்சும் மொத வாரமே எடுத்துக் கட்டுவாங்களா?"

"தீபாவளித் துணியக் கட்டிக்கினு யாரும் அம்பது கிலோமீட்டர் ஓடறதில்ல சார்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் ஜோக் அடித்தேனாம். டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று கடையில் ஒரு கஸ்டமரிடம் எரிந்து விழுந்து, முதலாளியிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் மதியம், அவர் கட்டட வேலையைப் பார்க்கப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வாட்ச்மேன் பக்கிரிக்கு என்னைத் தெரியும், அவர் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ நான்தான் அளந்து கொடுத்தேன். ஒரு பெட்டியில் அளவு சரிபார்க்க வேண்டும் என்றேன். சாவி இருக்கும் டிராயரைக் காட்டிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். என் பெயர் எழுதிய பெட்டியைத் திறந்து, புது ஷூவைப் பைக்குள் தள்ளி, காலில் இருந்த பழைய ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்த பெட்டியில் சிந்துஜா என்று எழுதியிருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

காரணம் நிறைய வைத்திருந்தேன். இரண்டு பெட்டி என்றால் மாட்டிக்கொள்வோம். உள்ளே வைக்க இன்னொரு பழைய ஜோடி இல்லை. சிந்துஜா சின்னப் பெண், நாலு பேரிடம் உளறிவிடுவாள். மாட்டினால் குழுவை விட்டு நீக்குவார்கள், ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பதே குழு மூலமாகத்தான். பையிலிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும் வரை ஆட்டோவில் இவற்றை ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று வாரம், கடைக்குச் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று குழுவில் பொய் சொல்லிவிட்டு, ஊசுட்டேரிக் கரையிலும் இரும்பை கிராமத்துப் பக்கத்துச் செம்மண்ணிலும் தனியாக ஓடினேன். முதல் வாரம் குதிகாலில் கொப்புளம். இரண்டாம் வாரம் அந்த இடம் காய்த்துப் போனது. மூன்றாம் வாரம் ஷூ காலில் இருப்பதே தெரியவில்லை. சிந்துஜா தன் பழைய ஷூவிலேயே பீச் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். அதன் அடி வழவழவென்று தேய்ந்து, பக்கவாட்டில் பிரிந்திருந்தது; பெரிய மார்க்கெட் வாசலில் செருப்புத் தைப்பவரிடம் இரண்டு முறை ஒட்டவைத்திருந்தாள்.

ஓட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது விழா நடந்தது. பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார், ஓட்டத்தின் நன்மைகளைப் பற்றி உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் பேசினார். ஒவ்வொருவராக மேடையேறிப் பெட்டி வாங்கினோம். திறந்து காட்டச் சொல்வார்களோ என்று பயந்தேன். யாரும் சொல்லவில்லை. மூடிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

இறங்கியதும் சிந்துஜாவைப் பிடித்து, பழையதையே போட்டு ஓடு என்றேன். பாறையில் அது எப்படிக்கா நிக்கும் என்று கேட்டாள். அக்டோபரில்தான் அதைப் போட்டுக்கொண்டு மலையேறி வழுக்கி விழுந்து, முட்டியில் நாலு தையல் போட வேண்டி வந்தது. அப்படியானால் குதிகாலில் டேப் ஒட்டு, இரண்டு சாக்ஸ் போடு, நாலு நாளும் வேலை செய்யும் இடத்திலேயே இதைப் போட்டு நட என்றேன். சொன்னதையெல்லாம் செய்தாள்.

ஓட்டத்தன்று களிமண்ணில் அவள் என் கண்ணிலேயே படவில்லை. இருபதாவது கிலோமீட்டரில், பெண்களில் இரண்டாவதாகப் போகிறாள் என்று தண்ணீர் கொடுத்தவர்கள் சொன்னார்கள். முப்பத்திரண்டில், பாறை ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றியிருந்தாள். இரண்டு குதிகாலிலும் சாக்ஸ் சிவந்து ஒட்டிப்போயிருந்தது, உரித்தபோது தோலும் கூடவே வந்தது. ஆறு வருஷமாக அவளோடு ஓடுகிறேன், ஒரு நாள்கூட அவளை முந்தியதில்லை. அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் வந்தது.

நேரம் போவுது, நீங்க போங்கக்கா என்றாள். போனேன். ஷூ பாறையைப் பல்லிபோல் பிடித்தது. பெண்களில் நாலாவதாக முடித்தேன். யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத நாலாவது இடம்.

திரும்பும் வேனில் முன்சீட்டிலிருந்த ராஜ்கமல், சிந்துஜாவின் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்து உச்சுக்கொட்டி, அடுத்த வருஷம் ஜெயிச்சிக்கலாம்மா என்றார். நான் வெடித்துவிட்டேன். பீரோ, பிரமுகர், சால்வை என்று ஒன்று விடாமல் அள்ளிக் கொட்டினேன். அவளுக்கு ஏது சார் அடுத்த வருஷம், தையில் அவள் கதையை முடிக்கிறார்கள், நீங்கள் ஃபோட்டோவை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்து வாரக் கோபம் இறங்கியதில் எனக்கு உடம்பே லேசானது. அப்போது சிந்துஜா செருப்பிலிருந்த என் கால்களைப் பார்த்தாள். குதிகாலில் ஒரு சிராய்ப்பு இல்லை.

"ஒங்களுக்கு மட்டும் ஏங்க்கா ஒண்ணும் ஆவல?"

பொய் வாய் வரை வந்தது. ஆனால் ராஜ்கமலின் காதில் விழட்டும் என்ற வீம்பில் உண்மையைச் சொன்னேன். மூன்று வாரம் முன்பே பீரோவைத் திறந்து என் ஷூவை எடுத்துவிட்டேன், பெட்டியில் இருந்தது பழசு என்றேன். ராஜ்கமல் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். சிந்துஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். திண்டிவனம் தாண்டியபின் கேட்டாள்.

"என் பொட்டியும் அங்கதான இருந்துச்சு?"

ஆமாம் என்றேன். அன்று ஆட்டோவில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த காரணங்களில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

"அவுரு ஓடாத ஆளு, சொன்னாலும் புரியல. ஒங்களுக்குத் தெரியும்லக்கா."

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைப் பத்து முறை சொல்லச் சொன்னார், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தையில் சிந்துஜாவுக்கு நிச்சயமானது. சாமிக்கண்ணு லாஸ்பேட்டைக்கு நேரில் போய் ராஜ்கமலுக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறார். எனக்கு வரவில்லை.