பதினொரு ஓட்டைகள்

காரின் வயிற்றில் ஏழு வெளிச்சங்கள்.

அடியில் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்தாள் அம்சவேணி. அவள் முகத்துக்கு மேலே, பழைய பியட்டின் தரைத்தகட்டில், ஏழு இடங்களில் பகல் ஒழுகியது. ஒன்று மிளகளவு. ஒன்று சுண்டைக்காய் அளவு. ஓட்டுபவர் குதிகால் ஊன்றும் இடத்தில் ஒன்று, எலுமிச்சை அளவு.

வெளியே ஆடிச் சாரல். மலையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கிவரும் காற்று, நீரைப் பொடித்துத் தூவிக்கொண்டிருந்தது.

ஆடியில் எதையும் தொடங்காதே என்றார்கள். தொடங்கினாள்.

கார், இறந்துபோன கணவர் நல்லசிவத்தினுடையது. முப்பத்தொரு வருடம் அவள் அதன் பின்சீட்டில் போனாள், வந்தாள். ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறாள். பிடித்ததில்லை. அவர் போன பிறகு, ஐம்பத்து மூன்று வயதில், யாரிடமும் கேட்காமல் ஓட்டக் கற்றாள்.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரின் பதிவைப் புதுப்பிக்கும் சோதனை. தரை தேறாவிட்டால் கார் பழைய இரும்புக்குப் போகும். கொழுந்தனார் ரங்கநாதனிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். கார் நிற்கும் கொட்டகை அவருடையது. அவருக்கு இடம் வேண்டும்.

காப்பி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க அண்ணி, சல்லடைக்கு எதுக்குங்க நாலு டயரு?"

"உங்க பேச்சச் சலிக்கத்தானுங்க. கல்லுத்தான் மிஞ்சும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

*

முன்சீட்டுகள் வெளியே வந்தன. தரையில் ஒட்டிக்கிடந்த ரெக்சின் விரிப்பு, காய்ந்த புண்ணின் தோலைப்போல உரிந்தது. அதன் கீழே துரு. செம்மண் அல்ல, குங்குமம் அல்ல. துரு.

ஜன்னல் கம்பிகள் பற்றவைக்கும் மயில்சாமி, வெல்டிங் மிஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, மேலாப்புல ஒரு தகட்ட வெச்சு ஒட்டி உட்றலாமுங்க. தாரப் பூசுனா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவள் ஜாக்கெட் தைப்பவள். நைந்த துணியில் தையல் நிற்காது. நல்ல துணி வரும்வரை வெட்ட வேண்டும். பிறகுதான் ஒட்டு.

ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே போனாள். நல்ல இரும்பு கணீரென்றது. கெட்ட இரும்பு பொத்தென்றது. பொத்தென்ற இடமெல்லாம் சாக்கட்டியால் வட்டம். ஏழு, பதினொன்று ஆனது.

அப்போதுதான் அது கையில் பட்டது. தரையின் பள்ளத்தில், துருவுக்குள் புதைந்து, ஒரு ரப்பர் மூடி.

"இதக் களட்டிப்போட்டுத்தானுங்க உள்ளார களுவோணும்," என்றான் மயில்சாமி. "தண்ணி எறங்கறதுக்குன்னே வெச்சிருக்கறாங்க. இத ஒருத்தருமே தொட்டதில்லீங்களா?"

அம்சவேணி மூடியைச் சுற்றியிருந்த துருவைச் சுரண்டினாள்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காரைக் கழுவியவள் அவள். வெளியே மட்டுமா? உள்ளேயும். குடம் குடமாய். நல்லசிவம் வாசற்படியில் நின்று, "இன்னொரு குடம் ஊத்து" என்பார். பிறகு, பார்க்க லட்சணமாக இருக்க, ஈரத்தின் மேலேயே விரிப்பு. விரிப்பின் மேல் பூ. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

முப்பத்தொரு பூஜை. முப்பத்தொரு வருடத் தண்ணீர், போக வழியில்லாமல், இருட்டில், இரும்பைத் தின்றுகொண்டு.

ஆக, ஓட்டைகள் அவள் கையால் வந்தவை. பக்தியாய், பணிவாய், ஒரு சொல் எதிர்த்துக் கேட்காமல் போட்டவை.

அந்த மூடியைப் பற்றி அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கலாம். அந்தக் காரைப் பற்றி அவளிடம் எதையும் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. கேட்கும் வழக்கம் அவளுக்கும் இல்லை.

அழுகை வந்தது. இரு, என்றாள் அதனிடம். வேலை இருக்கிறது.

*

வெட்டினாள். நல்ல இரும்பு மின்னும்வரை வெட்டினாள். செய்தித்தாளில் அளவெடுத்து, ஜாக்கெட்டின் கைக்குழி வளைவு வெட்டும் அதே கையால், பதினொரு ஒட்டுகளுக்கும் மாதிரி வெட்டினாள். மூலைகளை உருட்டினாள். கூர்மூலையில்தான் கிழிசல் தொடங்கும். துணியும் அப்படித்தான். தகடும்.

மயில்சாமி புள்ளி புள்ளியாய்ப் பற்றவைத்தான். இங்கே ஒன்று. ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஒன்று. ஒரே கோடாய் ஓடவைத்தால் தகடு சூட்டில் கோணிக்கொள்ளும்.

பத்து முடிந்தது. பதினொன்றாவது, குதிகால் ஊன்றும் இடம்.

"அதக் குடு," என்றாள், பற்றவைக்கும் கோலைக் காட்டி.

"அக்கா, கண்ணு போயிருமுங்க."

"கண்ணாடியுஞ் சேத்துத்தான் கேக்கறேன், குடு."

முதல் பொறியில் தகடு பொத்துக்கொண்டது. புதிய ஓட்டை. மயில்சாமி வாயைப் பொத்திச் சிரித்தான். அவள் அதையும் வெட்டியெடுத்தாள். மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். மறுபடி பிடித்தாள்.

நீல வெளிச்சம். ஒரு புள்ளி. நின்றது.

நீல வெளிச்சம். இன்னொரு புள்ளி. நின்றது.

பிறகு செம்பழுப்பு ப்ரைமர். பிறகு கறுப்பு. ரப்பர் மூடியைக் கழுவி, காயவைத்து, இருந்த இடத்திலேயே பொருத்தினாள். இனி எப்போது கழற்றுவது என்பது அவளுக்குத் தெரியும்.

*

திங்கட்கிழமை மழை வலுத்திருந்தது. கார் தேறாது என்ற நம்பிக்கையில் ரங்கநாதனும் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி விரிப்பைத் தூக்கினார். சாவிக்கொத்தால் தட்டினார். கணீர். நகர்ந்து தட்டினார். கணீர். குதிகால் இடத்தில் மூன்று முறை. அம்சவேணி மூச்சை எங்கேயோ வைத்திருந்தாள்.

"நல்லா வெட்டிப் பண்ணியிருக்காங்க. எந்தப் பட்டறைங்க?" என்றார், ரங்கநாதனைப் பார்த்து.

ரங்கநாதனின் ஆள்காட்டி விரல் அண்ணியின் பக்கம் நீண்டது.

"சரி, ஓட்டிக் காட்டுங்க," என்றார் அதிகாரி, மறுபடியும் அவரைப் பார்த்தே.

அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஓட்டிக் காட்டினாள். கார் தேறியது.

திரும்பும்போது ரங்கநாதனுக்கு பஸ் இல்லை. கதவருகே வந்து, நனைந்துகொண்டே, முன்சீட்டைப் பார்த்தார்.

"பின்னாடி ஏறுங்க கொழுந்தனாரே. நல்லாத்தான் இருக்கும். முப்பத்தொரு வருசம் நான் அங்க உக்காந்திருக்கறேன்."

ஏறினார். ரயில்வே பாலத்தடியில் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர். மோட்டார் சைக்கிள்கள் தயங்கி நின்றன. கண்ணாடியில் பார்த்தாள். கொழுந்தனார் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்து, சம்மணம் போட்டிருந்தார்.

"காலக் கீழ வைங்க," என்றாள்.

வைத்தாரா என்று பார்க்கவில்லை. ஒன்றாம் கியரில் தண்ணீருக்குள் இறங்கினாள்.