பதினெட்டாவது நிமிடம்

மல்லசமுத்திரத்தில், தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் மதுமதி மூன்றாம் முறையாகத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். கணினியில் லினக்ஸ் ஏறுவதைக் காட்டும் கோடு நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றுவிட்டது. மவுஸும் அசையவில்லை. நான்கு மணிக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு; லினக்ஸ் இருந்தால்தான் அது திறக்கும். பழைய விண்டோஸையும் அழித்தாயிற்று. மணி ஒன்றே முக்கால்.

போனில் தம்பி இளவழகன் சேலத்திலிருந்து வழிசொல்லிக்கொண்டிருந்தான்.

“பென்டிரைவைத் திரும்ப எழுதினீங்களா, அக்கா?”

“ரெண்டு வாட்டி எழுதியாச்சுடா.”

“வேற ஓட்டையில சொருகிப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். இனி என் மண்டையத்தான் சொருகணும்.”

“அது பழைய கம்ப்யூட்டர், அக்கா. விட்டுருங்க.”

“விடறதுக்கா கொழந்தையத் தூங்கவெச்சுட்டு மூணு மாசம் படிச்சேன்? போனை வைடா!”

எதையும் குறித்துவைப்பது அவள் பழக்கம். மூன்று முறையும் கோடு நின்ற சதவீதம் தாளில் இருந்தது: அறுபத்து மூன்று, இருபத்தேழு, நாற்பத்தொன்று. ஒரு ஒழுங்கும் இல்லை. தாளைக் கிழிக்கப் போனவள், ஓரத்தில் எழுதியிருந்த மணியைப் பார்த்தாள். 10.05 முதல் 10.23. 11.30 முதல் 11.48. 1.25 முதல் 1.43.

மூன்றும் பதினெட்டு நிமிடம்.

சூடேறித்தான் நிற்கிறதோ என்று கணினிப் பெட்டியின் மேல் கைவைத்தாள், தோசைக்கல்லாகச் சுட்டது. சுவரோடு ஒட்டியிருந்ததை இழுத்துத் திருப்பினாள். பின்புறத்துச் சல்லடைத் துளைகள் அத்தனையிலும் கழிவுநூல் திணித்திருந்தது.

“அத்தை!”

தலையெல்லாம் பஞ்சோடு மாமியார் சென்னியம்மாள் ஓடிவந்தாள்.

“இது யாரு வேலைங்க?”

“நாந்தான் சாமி. தறிப்பஞ்சு உள்ள போயிருமுன்னு போன வாரம் அடைச்சேன். மீட்டர்பொட்டிக்கும் அப்படித்தானே செய்யறோம்?”

“அது காத்துப் போற வழிங்க! காலையில இருந்து நான் லோல்படறேன்!”

“வாயத் தொறந்து சொல்லியிருந்தா அடைச்சிருப்பனா?”

மதுமதி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். பதில் சொன்னால் சண்டையாகும். நூலைக் குத்திக் குத்தி இழுத்தாள். கடைசித் துணுக்கு வந்தபோது நகம் ஒன்று பெயர்ந்திருந்தது.

“இப்ப தறி ஓடுனா மறுக்கா பஞ்சு போவுமே” என்ற சென்னியம்மாள், தானே போய் நான்கு தறிகளையும் நிறுத்தினாள். அந்த அமைதியில்தான் பெட்டிக்குள் விசிறி சுற்றுகிற சத்தம் முதன்முறையாகக் கேட்டது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, இரண்டரைக்கு மறுபடி தொடங்கினாள். பதினேழு நிமிடம். பதினெட்டு. கோடு ஐம்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. மாமியாரின் கை மருமகளின் தோளை இறுக்கியது.

ஐம்பத்தொன்பது.

“பரீட்சை முடியற மட்டும் தறி ஓடாது” என்றாள் சென்னியம்மாள். “அதுக்கு மேல நீ அழுதாலும் நிறுத்தமாட்டேன், சொல்லிப்போட்டேன்.”