மஞ்சள் பஞ்சு

மூத்தவள் அலமாரியிலிருந்த சட்டைகளை மடிக்காமலே பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டுமாம். ஆள் போய் ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த ஆளுக்குப் படுக்கை விரிக்க முதியோர் இல்லத்துக்கு அவ்வளவு அவசரம். அப்பாவைக் கீழே குளிர் அறையில் வைத்திருந்தார்கள். வண்டிக்குச் சொல்லிவிட்டுத் தம்பி வராந்தாவில் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தான்.

"தூக்கத்துலயே போயிட்டார்மா. காலைல ஆறு மணிக்கு நான் வந்து பாத்தப்பகூட ஹெட்போன் தலைலதான் இருந்துது" என்றாள் படுக்கையை உருவிக்கொண்டிருந்த நர்ஸ்.

"அது இல்லாம எங்கப்பாவ யாரு பாத்தா?" என்றாள் மூத்தவள். செத்த மனிதரிடம் என்ன கோபம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அந்த ஹெட்போன் மேஜைமேல் கேசட் பிளேயர் பக்கத்தில் கிடந்தது. ஒல்லியான ஒரு பிளாஸ்டிக் வளையம், இரண்டு பக்கமும் வட்டமாக மஞ்சள் பஞ்சு. அவ்வளவுதான் அதன் அழகு. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தபோது, பழைய சாமான்களைக் கழித்துக் கட்டிய நாளில் அப்பா கேட்டு வாங்கி வந்தது. நாற்பத்திரண்டு வருஷம். வயர் மூன்று இடத்தில் அறுந்து மூன்று இடத்திலும் அவரே பற்றவைத்தார். பஞ்சு அழுக்கானால் சோப்புப் போட்டு அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைப்பார். உதிர்ந்தால் எங்கெங்கோ எழுதிப் போட்டுப் புதுப் பஞ்சு வரவழைப்பார். "உங்கப்பாவோட மூத்த சம்சாரம்டி அது, நான் ரெண்டாவதுதான்" என்பாள் அம்மா, உயிரோடு இருந்தவரை. வயர் அறுந்துவிடும் என்று வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை.

அது தலையில் ஏறிவிட்டால் அப்பாவுக்குக் காது கேட்காது என்பது அந்த வீட்டின் சட்டம். எத்தனை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், தோளைத் தொட வேண்டும். அதனால் அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசிப் பழகிவிட்டார்கள். அவருடைய தங்கையை அம்மா வாய்க்கு வந்தபடி திட்டியது, பரீட்சையில் தோற்றதை எப்படி மறைப்பது என்று அக்காவும் தம்பியும் திட்டம் போட்டது, எல்லாம் அவர் நாற்காலிக்கு மூன்றடி தள்ளித்தான். அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

முதல் சம்பளத்தில் அவள் அவருக்குப் புது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாள். காதை முழுசாக மூடிக்கொள்ளும் உசத்தி ரகம். அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அதப் போட்டா வீட்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியல" என்றார். பிடிக்காததற்கு ஒரு நொண்டிச் சாக்கு என்று நினைத்து, ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டுக் கூடம். அப்பா வழக்கம்போல நாற்காலியில், தலையில் மஞ்சள் பஞ்சு.

"இன்னும் எத்தன நாளைக்குக்கா இப்படி? ஆறு மாசம் உன்கிட்ட, ஆறு மாசம் என்கிட்ட" என்றான் தம்பி.

"எனக்கு மட்டும் அலுக்கலையா? சில நாள் காலைல அவர் ரூம் கதவத் தொறக்கறப்போ, மூச்சு இல்லாம இருந்தா நல்லாருக்கும்னுகூடத் தோணுதுடா" என்றாள் இவள்.

மறுநாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டே அப்பா சொன்னார். "ஏம்மா, என் வயசுக்காரங்க இருக்கற இடமாப் பாத்து என்னைச் சேத்து விடேன். எனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்." அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒப்புக்கு இரண்டு தடவை வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: நாங்க அனுப்பல, அவராவேதான் கேட்டார். ராத்திரி படுத்தால் அவளுக்குத் தூக்கம் வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

"இதையும் பையில வைக்கறீங்களா, தூக்கிப் போட்டுறவா?" நர்ஸ் ஹெட்போனைக் காட்டிக் கேட்டாள்.

"இருங்க. வேலை செய்யுதான்னு பாக்கறேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தலையில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அப்பா பாதியில் நிறுத்தி வைத்திருந்த பாட்டு விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. தெளிவாகத்தான் இருந்தது. பாட்டோடு கூடவே மின்விசிறியின் கிறீச்சும் கேட்டது. நர்ஸ் தலையணை உறையை உதறுவது கேட்டது. வராந்தாவிலிருந்து தம்பியின் குரல் ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

"இல்ல மாமா, நாங்க எங்க அனுப்பினோம்? அவராவேதான் கேட்டு வந்தார்."

அவள் சத்தத்தைக் கூட்டினாள். அப்போதும் கேட்டது. இரண்டு கையாலும் பஞ்சைக் காதோடு அழுத்திப் பார்த்தாள். அப்போதும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேசட் முடிந்து பொத்தான் 'டக்'கென்று மேலே வந்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. தம்பி பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் பேசி முடிக்கும்வரை அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அக்கா, வண்டி வந்துருச்சு" என்றான் தம்பி, வாசலில் நின்று.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! உன்னத்தான்."

"கூப்புடறாங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"விடுங்க, அத மாட்டிட்டா எங்கப்பாவுக்கே இடி விழுந்தாலும் கேக்காது, இவளுக்கு மட்டும் கேக்கவா போகுது" என்றான் தம்பி.

பாட்டு முடிந்தது. பொத்தான் 'டக்'கென்று மேலே வந்தது. தம்பியின் செருப்புச் சத்தம் கதவைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் தோளைத் தொடும்வரை அவள் திரும்பவில்லை.